நீ நிறுத்தி வைக்கச் சொன்ன ரிப்போர்ட்டுகள்

இன்று மதியம் நம் ஸ்கேன் சென்டரின் பழைய பிரிண்டரைக் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போனார். போகுமுன் ஓடுகிறதா என்று சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். சூடான மையும் காகிதமும் கலந்த அந்த வாசனை உள்ளறையிலிருந்து வந்தது. கவுண்டரில் இருந்த நான், நீதான் அடுத்த ரிப்போர்ட்டை எடுத்து வருகிறாய் என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அந்த அறையில் நீ டைப் செய்வாய். டாக்டர் கையெழுத்துப் போடுவார். நான் கவரில் வைத்துப் பெயரைக் கூப்பிடுவேன். அதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். துறையூர், மணப்பாறைப் பக்கத்திலிருந்து மன்னார்புரத்துக்கு வந்தவர்கள் நம் வாசற்படியிலேயே காத்துக் கிடப்பார்கள். உனக்குத்தான் அது பொறுக்கவில்லை. "கையெழுத்தையும் கம்ப்யூட்டர்லயே போட்டுட்டீங்கன்னா, ரிப்போர்ட் தானா அவங்க போனுக்குப் போயிடும் சார்" என்று டாக்டரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாய்! செலவுக்கு யோசித்தவர் கடைசியில் ஒத்துக்கொண்டார். புது சாஃப்ட்வேரை முதலில் கற்றதும் நீ, பயந்துகொண்டிருந்த எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீ. துறையூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ஒருவர், "ரிப்போர்ட் வந்துடுச்சுங்க, நல்லாதான் இருக்காம்" என்று கூப்பிட்டுச் சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா?

உன் வயிற்று வலிக்கு நம் சென்டரிலேயே நீ ஸ்கேன் எடுத்துக்கொண்டது ஒரு வெள்ளிக்கிழமை. தாயார் சன்னதிக்குப் போகலாமென்று சாயங்காலம் என்னையும் ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனாய். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது உன் போன் ஒலித்தது. புது சாஃப்ட்வேர் வந்தபின் சில ரிப்போர்ட்டுகளை வெளியூரிலிருந்தே பார்த்துக் கையெழுத்திடும் வேறொரு டாக்டருக்கு உன்னைத் தெரியாது. மற்றவர்களுடையதைப்போல உன்னுடையதையும் முடித்திருந்தார். அது தானாகவே கிளம்பி வந்துவிட்டது. வருஷக்கணக்கில் மற்றவர்களின் புற்றுக்கட்டிகளுக்கு அதே வார்த்தைகளை டைப் செய்தவள் நீ. படித்துவிட்டு, போனை என் மடியில் வைத்தாய்.

"இது என்னன்னு எனக்குத் தெரியும்டி."

நான்தான் அழுதேன். பாலம் தாண்டி மாம்பழச்சாலை வந்ததும் நீ மெதுவாகச் சொன்னாய்: "எனக்கு நீ பக்கத்துல இருக்க. தனியா போறவங்க இதை எப்படிடி படிப்பாங்க?"

மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்து, நேரே டாக்டர் அறைக்குள் போனாய். நானும் பின்னாலேயே வந்தேன். "மத்த ரிப்போர்ட்டெல்லாம் உடனே போகட்டும் சார். இந்த மாதிரி இருக்கறதை மட்டும் நிறுத்தி வைக்கணும். நாங்க போன் பண்ணி வரச் சொல்றோம். நீங்க நேர்ல சொன்னப்புறம் அனுப்பலாம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். உன்னை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. "செஞ்சிடலாம்மா" என்றார்.

உடம்பு இடம் கொடுத்தவரை அந்தப் போன்களை நீயே செய்தாய். எடுத்ததும் "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்பாய். முடி கொட்டிய பிறகும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்தாய். பிறகு வர முடியவில்லை. கடைசியாக உன் வீட்டில் பார்த்தபோது, ஸ்பூனில் கொடுத்த தண்ணீரையே விழுங்கச் சிரமப்பட்டாய். "போயிட்டு வரேன்" என்றேன். தலையை மட்டும் அசைத்தாய். மறுநாள் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் அழுகையிலேயே நீ போய்விட்டாய் என்று தெரிந்தது.

இப்போது அந்தப் போன்களை நான் செய்கிறேன். நேற்று உறையூரில் இருக்கும் ஒரு அம்மாவிடம் போனில், "நாளைக்கு டாக்டரைப் பார்க்க வாங்க. கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"கூட வர யாரும் இல்லைங்களே."

"நான் வரேங்க. வீடு எங்கேன்னு சொல்லுங்க."

காலையில் போய் அழைத்து வந்தேன். டாக்டர் பேசி முடிக்கும்வரை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யார்மா நீ, எனக்காக இவ்வளவு செய்யறே?" என்று கேட்டார். உன்னைப் பற்றிச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை.