அங்கத்தினர் பதிவேடு

கோபன்ஹேகன்,
3-6-1962

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். எங்கள் வகுப்பில் நான்கு பேரைப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆறு வாரம் தினமும் போய்வந்து, சங்கம் நடக்கும் விதத்தைப் பார்த்து, குறைகளையும் யோசனைகளையும் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பையன் சொல்வதை அறுபது வயது விவசாயிகள் குறித்துக்கொள்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது, பிடித்தும் இருக்கிறது. இங்கே இரண்டு பசு வைத்திருப்பவருக்கும் நாற்பது வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு.

நம் ஊர் விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொல்கிறார் பேராசிரியர். அப்பாதானே தலைவர்? அங்கத்தினர் எத்தனை, வருடக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பதிவேட்டைப் பார்த்து நீயே எழுது. அப்பா எழுதினால் உபதேசம்தான் இருக்கும்.

உன்,
சுந்தரவரதன்


உத்திரமேரூர்,
18-6-1962

சிரஞ்சீவி சுந்தரவரதனுக்கு ஆசீர்வாதம்.

முந்தைய கடிதத்தில் இருமல் என்றாய். இதில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "டென்மார்க்லே நம்ம சங்கத்தைப் பத்திப் படிக்கப்போறா!" என்று குமாஸ்தா கன்னியப்பனிடம் பதிவேட்டை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். அங்கத்தினர் அறுபத்திரண்டு. சென்ற கூட்டத்துக்கும் அறுபத்திரண்டு பேரும் வந்ததாக இருக்கிறது.

அதில் பதினான்கு பெயர்கள் காலனிக்காரர்களுடையவை. நம் வயலில் நடவுக்கு வருகிறார்களே, ஆண்டாளம்மாள், மலர்க்கொடி, ஐசக். எல்லாம் பெருவிரல் ரேகை. ஐசக் கையெழுத்துப் போடத் தெரிந்தவர். அவர் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். மார்க் அட்டையில் மாதாமாதம் பார்க்கிறேன்.

"இவங்க மெம்பர்னு இவங்களுக்குத் தெரியுமா?" என்று கன்னியப்பனைக் கேட்டேன்.

"அவங்களுக்கு இன்னாத்துக்கு டீச்சரம்மா தெரியணும்? எலெக்சனுக்குப் பேரு வோணும், அவ்ளோதான்."

"இந்த ரேகை?"

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துச் சிரித்தார்.

ஆக, மூன்று தேர்தலாக அவர்கள் அப்பாவுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். எரு கேட்டுப் போனால், மெம்பர் இல்லையென்று அவர்களையே சங்கத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். குத்தகைக்குப் பயிர் வைக்கும் ஆண்டாளம்மாள் நம் வீட்டுக் கொல்லையில் வந்து நின்று எரு கேட்டு வாங்கிப் போகிறாள். இத்தனை வருஷம் அதை நான் நம் தாராளம் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 22 கூட்டம், தேர்தலும் அன்றே. அவர்களிடம் சொல்லிவிடலாமென்று தோன்றுகிறது. கூட்டுறவைப் பற்றிப் படிக்கிறவன் நீ. என்ன சொல்கிறாய்?

அம்மா


கோபன்ஹேகன்,
4-7-1962

அன்புள்ள அம்மாவுக்கு,

இருமல் போய்விட்டது. கட்டுரையில் அறுபத்திரண்டு என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எல்லோரும் கூட்டத்துக்கு வருகிறார்களே என்று பேராசிரியர் வியந்தார்.

அவர்களிடம் சொல்லாதே. அப்பாவை ஊரில் தலைகுனிய வைத்துவிட்டு அந்த வீட்டில் நீ எப்படி இருப்பாய்? அடுத்த வருஷம் வந்து நான் பக்குவமாகப் பேசுகிறேன். இங்கே, "உங்கள் தம்பி வீட்டுக்குத்தான் பால் வண்டி முதலில் போகிறது" என்று தலைவரிடம் நேருக்கு நேர் சொன்னோம். கை கொடுத்தார். நம் ஊர் அப்படியில்லை.

சுந்தரவரதன்


உத்திரமேரூர்,
25-7-1962

சிரஞ்சீவி சுந்தரவரதனுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ஆண்டாளம்மாளிடம் சொல்லிவிட்டேன்.

"எம் பேருமா கீது அதுல?" என்றாள். அப்புறம் ஒரே சிரிப்பு. "அப்போ இத்தினி வருசமா ஐயாவுக்கு ஓட்டுப் போட்டுக்கினு கீறேன். ஒரு வாய் காப்பி கூட ஊத்தலியே!" சிரித்து முடித்ததும் கேட்டாள்: "பேரு இருந்தா உள்ள போய்க் குந்தலாமா?"

"குந்தலாம்."

"ஐயா உன்னை இன்னா பண்ணுவாரு?"

"அது என் பாடு" என்றேன்.

பதினான்கு பேரும் போனார்கள். நான் போகவில்லை; கன்னியப்பன் வந்து சொன்னார். அப்பா வாசலிலேயே மறித்து, எங்கே வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

"போன கூட்டத்துக்கும் வந்தோமே சாமி" என்றாராம் ஐசக். "ரேகை கூட வெச்சிருக்கோம்."

இல்லையென்று சொன்னால் பழைய தேர்தல்கள் பொய்யாகிவிடும். அப்பா விலகி வழிவிட்டார். அப்பாவை எதிர்த்து நின்ற வேதகிரி ஒன்பது ஓட்டில் ஜெயித்து, அன்றைக்கே அவர்களுக்கும் எரு உண்டு என்று தீர்மானம் ஆயிற்று.

"யார் சொன்னா அவாளுக்கு?" என்று கேட்டுக்கொண்டே அப்பா வீட்டுக்குள் வந்தார்.

"நான்தான்" என்றேன்.

அதோடு பேச்சில்லை. இலையில் போட்டதைச் சாப்பிடுகிறார்; மோர் வேண்டுமா என்றால் கையை மட்டும் காட்டுகிறார். இப்படி ஆகுமென்று தெரிந்துதான் செய்தேன். உன்னை யோசனை கேட்டுவிட்டு அதை மீறியது தப்பென்றால் எனக்கு எழுது.

அம்மா


உத்திரமேரூர்,
2-11-1962

சிரஞ்சீவி சுந்தரவரதனுக்கு ஆசீர்வாதம்.

மூன்று மாதமாக எனக்கு உன் கடிதம் இல்லை. அப்பாவுக்கு மூன்று வந்தன. படித்த பிறகு அவற்றை அவர் பெட்டியில் வைப்பதில்லை. கூடத்து மேஜையில் விரித்து, மேலே மூக்குக் கண்ணாடிக் கூட்டை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுகிறார். வழக்கத்தைவிட நேரம் கழித்தே திரும்புகிறார். உன் கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது அப்படித்தான் எனக்குத் தெரியும்.

நேற்று வந்ததில், கடைசி வரியில், "அம்மா சௌக்கியமா?" என்று அவரைக் கேட்டிருந்தாய். இன்று காலை இந்த விமானத் தபால் தாளை என் பக்கம் பார்க்காமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். வெளியே உன் விலாசம் அவர் கையெழுத்தில் இருந்தது. உள்ளே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

சௌக்கியம்.

அம்மா