மச்சானின் கணுக்கால் கயிறு

அன்புள்ள உரியாகு, நீயும் பிள்ளைகளும் நலமா? நான் நலம். எனுகு நிலக்கரிச் சுரங்கத்தில் கொடுத்த தொப்பி எனக்கு மூக்குவரை இறங்குகிறது. எல்லோரும் என்னை "ஆமை" என்றே கூப்பிடுகிறார்கள்.

நேற்று, வெள்ளைக்காரன் நியமித்த நம் ஊர்த்தலைவன் பிடித்தனுப்பிய ஆட்களோடு உன் அண்ணன் ஒபியாக்கோர் வந்து நின்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊரின் பெரிய கௌரவமான ஓசோ பட்டம் பெற்றபின், அதன் மரியாதைக்காக மரத்தில்கூட ஏறாத மனிதர், குழிக்குள் இறங்குவதா? பட்டத்தின் அடையாளமாகக் கணுக்காலில் கட்டிய கயிறு அப்படியே இருந்தது.

கயிறு கரி வண்டிச் சக்கரத்தில் சிக்குமாம். அறுக்கச் சொல்லி துரை என்னிடம் கத்தியை நீட்டினார்.

"ஆமை அறுக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும்டா!" என்று பின்னால் ஒருவன் சிரித்தான்.

மச்சானே காலை நீட்டினார். "அறுங்க மாப்ள. கண்டவன் தொடுறதுக்கு, தங்கச்சி புருஷன் தொடட்டும்."

அறுத்தேன். நீ கலங்காதே, அவர் நன்றாகச் சாப்பிடுகிறார். கசப்புக்கீரை கொஞ்சம் காயவைத்து அனுப்பு. இங்கே எந்தக் குழம்பிலும் உன் கைமணம் இல்லை. சங்கு ஊதிவிட்டது, போக வேண்டும்.

மச்சானிடம் சொல்லாதது ஒன்று உண்டு. கயிறு விழுந்த அந்த நொடியில், எந்தப் பட்டமும் வாங்கத் துப்பில்லாத எனக்கு, இனி இவரும் என்னைப் போலத்தான் என்று சந்தோஷமாக இருந்தது.