அகத்தா தன் கணவருக்கு வைத்த பெயர்

கங்கியோங்,
ஈஸ்டர் முடிந்த செவ்வாய்

அன்பு மகள் ரான்ஹீக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். ஹாம்பர்கில் நீயும் மாப்பிள்ளை யோர்னும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் நீ போனில் அனுப்பிய ஈஸ்டர் வாழ்த்தில் நாலு சொல்லும் ஒரு மஞ்சள் முகமும்தான் இருந்தன, அதிலிருந்து ஒரு தாய் எவ்வளவுதான் தெரிந்துகொள்ள முடியும். உன் இருமல் நின்றதா? அங்கே குளிர் விடும் முன்பே ஸ்கார்ஃபைக் கழற்றிவிடுகிறாய் என்று யோர்ன் சொன்னார், அவர் பேசும் கொரியமொழி எனக்குப் புரிந்தவரை அதைத்தான் சொன்னார். இங்கே பாலைவனத்து மஞ்சள் புழுதி வந்து போய்விட்டது, ஜன்னலை மூன்று முறை துடைத்தேன். வார இதழுக்கு நான் எழுதும் புனிதர் பகுதி நின்றுவிடவில்லை. புதிதாக வந்திருக்கும் இதழாசிரியர் சகோதரி யூலியா மட்டும் போன் திரையில் அடங்குகிற அளவுக்குச் சுருக்கித் தாருங்கள் என்று கேட்டார். வேதத்துக்காகத் தலை வெட்டுப்பட்டவர்களை நானும் ஒரு முறை வெட்ட வேண்டுமா என்று கேட்டேன், சிரித்துவிட்டுப் பழைய அளவுக்கே விட்டுவிட்டார். நல்ல பெண், காற்புள்ளி வைக்கத்தான் தெரியவில்லை.

இந்தத் தவக்காலம் முழுவதும் என்னை ஆட்டிவைத்த ஒரு விஷயத்தை உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். சந்தையில் உப்பிட்ட இறால் விற்கும் பியோ மான்சொக் உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் கடையைத் தாண்டும்வரை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய். இப்போது வயது எண்பத்தொன்று. அவர் மனைவி அகத்தா போன இலையுதிர் காலத்தில் இறந்துபோனாள். எனக்குப் பின் வரிசையில் இருபது வருடம் உட்கார்ந்திருந்தவள், பூசை முடிந்ததும் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள், நாங்கள் அதிகம் பேசியதில்லை. அவள் மாமியார் இருந்தவரை அந்த வீட்டில் சிலுவை தொங்கியதில்லை. பியோவும் கோவில் பக்கம் வந்ததில்லை, வெள்ளைக்காரன் பேர் எதையாவது எனக்கு ஒட்டவைத்தால் இறால் தொட்டியில் போட்டு ஊறுகாய் ஆக்கிவிடுவேன் என்று கலியாணமான புதிதிலேயே அவளிடம் சொல்லிவிட்டாராம். அகத்தாவின் சடலத்துக்கு முன்னால் நாங்கள் இறந்தோர் மன்றாட்டைப் பாடி முடித்த இடைவேளையில், மரியாயின் சேனைப் பெண் ஒருத்தி வாய் சும்மா இராமல் அவரிடம், "அகத்தாக்கா உங்களுக்கு ஒரு ஞானப்பேர் வச்சுத்தான் இத்தனை வருஷம் செபம் பண்ணினாங்க, தெரியாதா? என்ன பேருன்னு எங்ககிட்டயும் சொல்லல" என்று சொல்லிவிட்டாள்.

அதற்கு அடுத்த வாரமே அவர் ஞானஉபதேச வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். வகுப்பு முடியும் தறுவாயில் பங்குத்தந்தை குவாக் சாமியார், அடுத்த ஞாயிறுக்குள் எல்லாரும் ஞானப்பெயர் கொடுங்கள், கொடுக்காதவருக்குச் சூசை என்று எழுதிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலை பியோ என் வாசலில் நின்றார், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "டீச்சரம்மா, மேல இருக்கற புனிதருங்க எல்லாரையும் உங்களுக்குத் தெரியுமாமே. எங்க வீட்டுக்காரி எனக்கு வச்ச பேரு எதுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றார். சூசை நல்ல பெயர்தானே, நம் ஆண்டவரை வளர்த்தவர் பெயர் என்றேன். "கோவில் வாசல்ல சூசைன்னு ஒரு சத்தம் குடுத்தா பதினோரு கிழம் திரும்புது. நான் செத்து மேல போனா அவ தான் வச்ச பேரைச் சொல்லித்தானே என்னைத் தேடுவா? நான் வேற பேரோட நின்னா, அப்படி ஒரு ஆளே வரலன்னு அவகிட்ட சொல்லிட்டா? தப்பான பேர்ல முழுக்கு வாங்கறதுக்கு வாங்காமயே இருந்துடுவேன்" என்றார். இது வேதசாத்திரத்துக்கு ஒவ்வாத பேச்சு, மோட்சம் தபால் ஆபீஸ் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் இதயத்தைப் பார்க்கிற டாக்டர் இன்னொரு ஈஸ்டரைப் பற்றி உறுதி கொடுக்கவில்லை என்று ஊருக்கே தெரியும். அதுவும் போக, எனக்கு ஆவல் பிறந்துவிட்டது. முப்பது வருடம் புனிதர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், இவர்களில் ஒருவரைத் தேடிப்பிடிக்கச் சொல்லி யாரும் என்னிடம் வந்ததில்லை.

முதலில் அப்போஸ்தலர் பெலவேந்திரர் என்றேன், மீன்பிடித்தவர், கடல் பொருள் விற்பவருக்குப் பொருத்தம் என்று சந்தேகமே இல்லாமல் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. என் யூகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஆதாரம் வேண்டுமே. நம் ஆட்களுக்குப் பிறந்தநாளைவிட ஞானப்பெயர்ப் புனிதரின் நாளான நாமத் திருநாள் பெரிதல்லவா, அதனால் பிறந்தநாள் இல்லாத ஒரு நாளில் அகத்தா உங்களுக்குத் தனியாக ஏதாவது சமைத்ததுண்டா என்று கேட்டேன். நான் கொடுத்த காப்பியை ஒரு மடக்குக் குடித்தார். பிறகு, "வருஷா வருஷம் ஒரு நாள், பொறந்தநாளுக்கு வைக்கற கடற்பாசி சூப்பை வைப்பா, மீனு பொரிப்பா. என்னடி விசேஷம்னு கேட்டா, வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்கன்னுவா. வயசாகி நாள் கணக்கு மறந்துபோச்சுன்னு நினைச்சேன், ஆனா இருபத்தஞ்சு வயசுலயும் அப்படித்தான் இருந்தா" என்றார். எந்த மாதம்? அவருக்கு மாதமெல்லாம் இறாலில்தான், அதுவும் சந்திரக் கணக்கில். "ஆறாம் மாச இறால் வந்து இறங்கும், மழை ஊத்தும், அப்ப." பெலவேந்திரர் நவம்பர் கடைசியில் வருகிறவர், அது ஊரே குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட இறால் வாங்க வரிசையில் நிற்கும் காலம், எச்சில் விழுங்க நேரம் இருக்காது, சூப்பு எங்கே வைப்பது. என் முதல் யூகம் அத்தோடு போனது. அது மழைக்காலம் என்றால் நம் ஆற்றங்கரையில் வந்து இறங்கிய கொரியாவின் முதல் குருவானவர்தான், அவர் திருநாள் ஜூலை ஐந்து, இந்த ஊர்ப் பெண் வேறு யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்று எனக்குள் தீர்த்துவிட்டேன். சொல்லப்போனேன், அதற்குள் அவரே, "ஆனா ஒண்ணு டீச்சரம்மா, கலியாணம் ஆன புதுசுல மழையில இல்ல, நல்ல குளிர்ல வைப்பா. நீண்ட ராத்திரி வர்ற சமயம், எங்கம்மா செம்பயறுக் கஞ்சி கிண்டிக்கிட்டிருப்பாங்க, அதே அடுப்புல இவ கடற்பாசி சூப்பு வைப்பா. ரெண்டையும் எவன் குடிப்பான்னு சண்டை போட்டிருக்கேன். அப்புறம் ஒரு வருஷம் திடீர்னு மழைக்கு மாத்திட்டா. கேட்டா, மேலிடத்து உத்தரவுன்னு சொன்னா, கிறுக்கச்சி" என்றார்.

ரான்ஹீ, எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. கன்னியர் மடத்துப் பள்ளியில் சாப்பாட்டு மேசையில் தினம் ஒரு புனிதர் வாழ்க்கையை உரக்க வாசிப்போம். என் உச்சரிப்பு சுத்தம் என்று பெரும்பாலும் நான்தான் வாசிப்பேன், ஒரு பெயர் தவறினால் மதர் மணியை அடிப்பார், திரும்ப முதலிலிருந்து. அப்போது டிசம்பர் இருபத்தொன்று, வருடத்திலேயே வெளிச்சம் குறைந்த நாள், யாருடைய திருநாள் என்று எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அப்போஸ்தலர் தோமையார். நான் கலியாணமாகி இந்த ஊர் வந்த பிறகு ரோமாபுரியில் திருநாள்களை மாற்றி அமைத்தபோது அவரை ஜூலை மூன்றுக்குக் கொண்டுபோனார்கள். மாற்றியது அகத்தா அல்ல, ரோமாபுரி. படித்தவர்களே கவனிக்காத அந்த மாற்றத்தை, உப்பும் இறாலும் நாறும் கைகளோடு, மாமியாருக்கும் தெரியாமல் புருஷனுக்கும் தெரியாமல், இவள் மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு தன் ரகசியத் திருநாளை ஒழுங்காக நகர்த்தி வைத்திருக்கிறாள். எனக்குப் பின்னால் அப்படி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

தோமையார் என்றதும் பியோவுக்கு முகம் மலர்ந்தது, யார் அவர் என்று கேட்டார். நானும் எல்லாரும் சொல்கிறபடியே, ஆண்டவர் உயிர்த்ததை நம்பாமல், காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் ஆச்சு என்று நின்றவர் என்றேன். அவ்வளவுதான். "ஓகோ! அம்பத்தேழு வருஷம் பக்கத்துல படுத்துக்கிட்டு மனசுக்குள்ள என்னை நம்பாத பயன்னு திட்டியிருக்கா! சூப்பு ஊத்தி ஊத்திக் குத்திக் காட்டியிருக்கா!" என்று எழுந்துவிட்டார். சாமியாரிடம் என் பெயரை அடித்துவிடச் சொல்லுங்கள் என்று கத்திக்கொண்டே போனார், பாதிக் காப்பி அப்படியே இருந்தது.

நானும் கோபமாகத்தான் இருந்தேன், என்னிடம் யாரும் அப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு போனதில்லை. ஆனால் பெண்டாட்டி ஒருத்தி ஐம்பது வருடத்துக்கும் மேலாக வசைச்சொல்லுக்கு மீன் பொரித்துப் போடுவாளா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் சுவிசேஷத்தில் தோமையார் வாய் திறக்கும் இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், பார்த்துவிட்டு இந்த முழங்காலோடு சந்தைக்கு நடந்தேன். பியோ ஒரு வெளியூர்க்காரிக்குக் கரண்டியில் இறால் எடுத்து ருசி பார்க்கக் கொடுத்துக்கொண்டிருந்தார், என்னைக் கண்டும் காணாதவர்போல. நான் அவள் காதிலும் விழும்படியே சொன்னேன். லாசர் இறந்த ஊருக்கு நம் ஆண்டவர் போகப் புறப்பட்டபோது, அங்கே போனால் கல்லெறிந்து கொன்றுவிடுவார்கள் என்று மற்ற சீடர்கள் எல்லாரும் தடுத்தார்கள். அப்போது ஒரே ஒருவன், வாருங்கள், நாமும் போவோம், அவரோடு சாவோம் என்றான். அவன்தான் தோமா. பியோவின் கரண்டி அப்படியே நின்றது. "அது அகத்தாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தவக்காலத்தில் கோவிலில் வாசிக்கிற பகுதி, கேட்டிருப்பாள், ஆனால் எதை நினைத்து வைத்தாள் என்று எனக்குத் தெரியாது, தெரியாததை நான் எழுதுவதில்லை, சொல்லவும் மாட்டேன் என்றேன். வெளியூர்க்காரி விலை கேட்டாள், அவர் காதில் வாங்கவில்லை. பிறகு, "நம்பாம இருந்ததும் நான்தான். இப்ப அவ பின்னாடியே போயிடலாம்னு உக்காந்திருக்கறதும் நான்தான். சாமிகிட்ட அதையே எழுதச் சொல்லுங்க டீச்சரம்மா" என்றார்.

ஈஸ்டர் காலை பெரிய பூசையில் ஞானஸ்நானம். எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள், இளவயதுக்காரர்களுக்குப் பின்னால் இவர் கடைசியில், புதுக் கோட்டு, அதிலும் லேசாக இறால் வாடை. பெயர் என்ன என்று குவாக் சாமியார் கேட்டதும், "தோமா!" என்று கோவில் கூரை அதிரக் கத்தினார். பாடல் குழுவில் ஒரு பெண் கையிலிருந்த புத்தகத்தைப் போட்டுவிட்டாள். எனக்கே வெட்கமாகிவிட்டது. சாமியார் குனிந்து, மெதுவாகச் சொன்னால் போதும் தாத்தா, ஆண்டவருக்குக் கேட்கும் என்றார். அதற்கு அவர், "ஆண்டவருக்குக் கேக்கும் சாமி, எங்க வீட்டுக்காரிக்குத்தான் காது மந்தம்" என்றார்.

யோர்ன் கோவிலுக்கு வருவதில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கு நீ மனதில் ஏதாவது பெயர் வைத்திருக்கிறாயா என்று நான் கேட்கப்போவதில்லை. அவர் முழங்காலுக்கும் உன் இருமலுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன், சைக்கிளில் விழுந்ததாகச் சொன்னாரே, வீக்கம் இறங்கியதா என்று எழுது. தோமா ஐயா உனக்கென்று ஒரு டப்பா ஆறாம் மாத இறால் கொடுத்திருக்கிறார், கடல் தபாலில் வருகிறது, வந்ததும் பால்கனியில் வைத்துத் திற, அடுத்த வீட்டு ஜெர்மானியர்கள் போலீசைக் கூப்பிடப்போகிறார்கள். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் வாழ ஆண்டவரும் தேவதாயும் காக்கட்டும். பதிலைக் காகிதத்தில் எழுது, குறைந்தது இரண்டு பக்கம்.

என்றும் உன் நலம் வேண்டும் அம்மா,
தாக் இன்சுக் ஸ்கொலாஸ்திகா