தள்ளட்டுங்களா?

பூங்கா வாசலில் கட்டியிருக்கும் புது ஃப்ளெக்ஸ் இன்னும் மை வாடை அடிக்கிறது. மூலையில் உங்கள் படம். கண்ணுக்குத் தெரியாத பந்து ஒன்றைப் பிடித்திருப்பதுபோல இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, அதே சிரிப்பு. படத்துக்கு மேலே நம் கணபதி ஏரியா முழுக்கத் தெரிகிற எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: “தாய் சேய் நலப் பயிற்சி. தினமும் காலையில். கட்டணம் இல்லை.”

நான் அனுப்பியது, நீங்கள் சொல்லிக்கொடுத்த சீனக் கலையின் பெயரில், ‘தாய் சி தற்காப்புப் பயிற்சி’ என்று. ஃப்ளெக்ஸ் கடைக்காரரைப் போனில் பிடித்துக் கத்தினேன். மனிதர் அசரவே இல்லை. “வாட்ஸப்புல தாய் சின்னு பாதில நின்னிருந்துச்சுங்க. நாந்தான் முழுசாப் போட்டுவிட்டேன். தற்காப்புன்னா பொம்பளைங்க பயப்படுவாங்கன்னு நலம்னு மாத்திப்போட்டேனுங்க. நல்லா வந்திருக்குதுங்களா?” என்று என்னிடமே கேட்கிறார்.

நீங்களாக இருந்தால் “நெம்ப நல்லா வந்திருக்குதுங்க” என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். என்னால் அது ஆகாது. பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியே வேலைக்காலத்தை முடித்த பி.டி. மாஸ்டர் நான். தப்பைப் பார்த்தால் ஊதித்தான் பழக்கம்.

உங்களுக்கு ஃப்ளெக்ஸ் வைக்கிற ஆசையும் எனக்குக் கிடையாது. எனக்கு ஆள் வேண்டும். அந்த மெதுவான ஆட்டத்தைத் தனியாகச் செய்துவிடலாம், மொட்டை மாடியில் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இரண்டு பேர் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நின்று, ஒருவர் தள்ள, மற்றவர் வழிவிட்டு அவரையே கவிழ்க்கிற பாகம் இருக்கிறதே, அதைச் சுவரோடு செய்ய முடியுமா? சண்டை இருப்பதே அதில்தான். “மத்ததெல்லாம் போனாலும் போகுதுங்க, கையைத் தள்ளிப் பழகறத மட்டும் உட்டுப்போடாதீங்க மாஸ்டர்” என்று சொல்லிவிட்டு, தள்ள வேண்டிய ஆளே கிளம்பிப் போய்விட்டால் நான் யாரைத் தள்ளுவது? உங்களோடு கைவீசிக்கொண்டிருந்த சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லோரும் இப்போது பக்கத்துச் சிரிப்பு வகுப்பில் சேர்ந்து காலங்காத்தாலே ஹோ ஹோ என்று சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் நாள் நானும் சிரிக்கத்தான் செய்தேன். பினாங்கில் கடை வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டு வந்தீர்கள் என்றும், இங்கே மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறீர்கள் என்றும் சொன்னார்கள். கராத்தே தெரிந்தவன் என்கிற மிதப்பில், “இது சர்க்கரை வியாதிக்கு ஆடற ஆட்டமுங்க, இதுல எங்க சண்டை?” என்று கேட்டேன். “சரிங்க” என்றீர்கள். பிறகு, “சித்த கையைக் குடுங்க. தள்ளட்டுங்களா?”

அடிக்கப்போகிறவன் அனுமதி கேட்டு நான் அதுவரை கண்டதில்லை. காலை ஊன்றி, மூச்சை அடக்கி, கல்லாக நின்றேன். நீங்கள் தள்ளியதாகவே தெரியவில்லை. நான் எதிர்த்துக் கொடுத்த பலம் எங்கோ காலியிடத்தில் போய் விழுந்தது, கூடவே நானும். “எந்திரிங்க மாஸ்டர், புல்லு ஈரமா இருக்குது” என்று கை கொடுத்தீர்கள். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை வருடம் உங்களிடம் விழுந்தேன்! ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே “தள்ளட்டுங்களா?” நான் “ம், தள்ளுங்க” என்று பல்லைக் கடிப்பேன், விழுவேன். “தள்ளுங்கன்னு சொல்றீங்களே, அதுல பாதித் தோத்தாச்சுங்க. சரிங்கன்னு சொல்லிப் பாருங்க” என்பீர்கள். “நம்மூர்ல யாராச்சும் மூஞ்சிக்கு நேரா ஆகாதுன்னு சொல்றாங்களா? சரிங்கறோம். அப்புறம் நம்ம வழியில போறோம். வாயில செய்யறத கையில செய்யோணும், அவ்வளவுதானுங்க.” கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வாயிலேயே வராததைக் கையில் எங்கிருந்து கொண்டுவருவது?

சத்தி ரோட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பையன் பைக்கில் வந்து என் ஸ்கூட்டரில் உரசிவிட்டு, இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்தான். நான் முஷ்டியை மடக்கிவிட்டேன். அதற்குள் நீங்கள் நடுவில் நுழைந்தீர்கள். “சரிங்க தம்பி, சரிங்க” என்று அவன் மணிக்கட்டில் கையை வைத்தீர்கள். அவன் உங்களை ஓங்கித் தள்ளினான். நீங்கள் பிடித்த மணிக்கட்டோடு அரை வட்டம் திரும்பினீர்கள். அவனும் கூடவே சுற்றி, தடுமாறிப் பின்னால் போய், ஸ்டாண்டு போட்டிருந்த அவனுடைய பைக் சீட்டிலேயே பொத்தென்று உட்கார்ந்தான். உட்கார்ந்தவனுக்கு என்ன நடந்ததென்றே புரியவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

“ரெண்டு போட்டிருக்கலாமில்லைங்க?” என்று குதித்தேன்.

“போட்டாச்சுங்களே. அதான் உக்காந்துட்டாரே.”

ஊரில் ஒருத்தருக்கும் இதைச் சொல்லவில்லை நீங்கள். என்னையும் சொல்லவிடவில்லை. அதனால்தானே இன்றைக்கும் உங்களை எல்லோரும் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த நல்ல மனிதர் என்கிறார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் “என்ன சாந்தமான மனுசன்” என்று சொன்னபோது எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அவர் சண்டைக்காரர் ஐயா! நெஞ்சுவலி வந்து தள்ளியபோதுகூட “சரிங்க” என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அந்த ஒரு தடவையாவது என்னைப்போல் முரண்டு பிடித்து நின்றிருக்கக் கூடாதா? இதை நான் உங்களிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது?

சரி, இன்று காலைக் கதைக்கு வருகிறேன். உங்கள் ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒரு மாமியார், ஒரு மருமகள். மருமகள் இடுப்பில் குழந்தை. தாயும் சேயும் நலம் பெற வந்திருக்கிறார்கள்! இது அது இல்லை, அச்சுப்பிழை என்று விளக்கினேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, குழந்தை உதட்டைப் பிதுக்கியது.

“இது சண்டைங்க அம்மணி” என்றேன்.

மருமகள் போகவில்லை. “சண்டைன்னா, தள்ளுனா உழுகாம நிக்கறதுங்களா?” என்று கேட்டார். “உக்கடத்துல பஸ் ஏறயில இடிச்சுத் தள்ளிப்போடறாங்க. போன மாசம் இவனைக் கையில வெச்சுட்டே உழுந்துட்டேன். இவனுக்கு ஒண்ணும் ஆகலீங்க. ஆனா அதுக்கப்பறம் பஸ்ஸுன்னாலே கால் நடுங்குது. வேலைக்குப் போயே ஆகோணுங்க.”

குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். மாமியாரையும் மருமகளையும் எதிரெதிரே நிற்கவைத்து, மணிக்கட்டை ஒட்டவைத்து, “தள்ளுங்க” என்றேன். மாமியார் வெட்கப்பட்டார். ஆனால் தள்ளுகிற வேலை அவருக்குப் புதிதில்லை என்பது அடுத்த நொடியே தெரிந்தது. மருமகள் இரண்டு முறை விறைத்து, இரண்டு முறை தடுமாறினார். என்னை நானே பார்ப்பது போலிருந்தது. “விறைக்காதீங்க. ஊட்டுல அத்தை எதாச்சும் சொன்னா என்ன சொல்லுவீங்க?” என்றேன்.

“சரிங்க அத்தைன்னு சொல்லுவேனுங்க.”

“அப்பறம்?”

அவர் மாமியாரைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அப்பறம் எனக்குத் தோணறதச் செய்வேன்.”

“அதையே செய்யுங்க.”

மாமியார் தள்ளினார். “சரிங்க அத்தை” என்று மருமகள் இடுப்பைத் திருப்பினார். மாமியார் அவரைத் தாண்டி என் பக்கமாக ஓடிவந்தார். பின்னாலிருந்து மருமகளே எட்டிக் கையைப் பிடித்து நிறுத்தினார். “அட, கள்ளி! இத்தன வருசமா இதைத்தான் செஞ்சுட்டிருக்கியா?” என்று மாமியார் மூச்சு வாங்கச் சிரித்தார்.

பிறகு அவர் பேரனை வாங்கிக்கொண்டார். மருமகள் என் எதிரே வந்து நின்று, மணிக்கட்டில் மணிக்கட்டை வைத்தார். நான் எதுவும் சொல்லித்தரவில்லை. அவராகவே கேட்டார்.

“ஏனுங்க, தள்ளட்டுங்களா?”

நீங்கள் போன பிறகு என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. எரிச்சலோடுதான் சொன்னேன், ஆனால் சொல்லிவிட்டேன்: “சரிங்க.”

இடுப்பு கொஞ்சம் இளகியது. அவர் கை என்னைக் கடந்து போனது. நான் விழவில்லை.

நாளைக்கும் வருகிறார்களாம். ஃப்ளெக்ஸை இனி நான் மாற்றப்போவதில்லை. ஆனால் அந்தக் கடைக்காரரிடம் போய் நல்லா வந்திருக்குதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதைச் சொல்லவாவது நீங்கள் இருந்திருக்க வேண்டும்.