இளக்கு என்றால் விளக்கு

மச்சான்,

இன்று காலை பலகையை மூடியிருந்த படுக்கைவிரிப்பை இழுத்தபோது விரலில் நறுக்கென்று ஏதோ குத்தியது. பார்த்தால் உன் ஈர்க்கு. தென்னோலையிலிருந்து உரித்து, நுனியைப் பிளேட்டால் சீவித் தட்டையாக்கி, கடைசி முறை வந்தபோது பலகையின் ஓரத்தில் செருகிவிட்டுப் போனாயே, அதே ஈர்க்கு. "மௌத்தாகியும் குத்துறதை விடல்லியாடா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். கீழே பாண் சுடும் போரணை அடுப்புக்கு முன்னால் நின்ற சுனில், "முதலாளி, மேல யாரோட கதை?" என்றான்.

உன்னோடுதான் கதை. இன்று போயா நாள், பௌர்ணமி லீவு, நம்முடைய நாள். நீ இந்த உலகத்தை விட்டுப் போனபிறகு எத்தனையோ போயா வந்து போய்விட்டது, நான் இந்த விரிப்பைத் தொடவில்லை. இன்று தொட்டதற்குக் காரணம் உன் மனிசி. முந்தாநாள் கற்பிட்டியிலிருந்து போன் எடுத்தாள். மகளோடு இருக்க இத்தாலிக்குப் போகிறாளாம், விசா வந்துவிட்டதாம். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் என்னை நானா என்றே கூப்பிட்டாள். "போறதுக்கு முதல் ஒருக்கா வந்து பாக்கோணும் நானா. இவ்வளவு காலமும் அந்த மனுசன் உங்கட பேக்கரிக்கு மேல என்னதான் செய்தவர்?"

என்ன பதில் சொல்வது? ரயில் ஓட்டினோம் என்றால் சிரிப்பாள். நாம் ரயில் ஓட்டவுமில்லையே. ஓட்டியது முதல் வாரம் மட்டும்தான். உன் தம்பி இத்தாலியிலிருந்து, அப்போது சின்னவளாக இருந்த உன் மகளுக்கென்று அனுப்பிய விளையாட்டு எஞ்சினை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதை நீ ஒரு சிலிசிலி பிளாஸ்டிக் பேக்கில் போட்டுக்கொண்டு வந்து, பாண் வாங்க நின்ற சனத்துக்கு நடுவில், "மச்சான், பிளக் ஒண்டு இருக்கா?" என்று கேட்டாய். பாண் பெட்டிகளைத் தள்ளிவிட்டு, கவுண்டரின் மேலேயே தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டினோம். சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டேயிருந்தது. எனக்குக் கண் குளிர்ந்தது. உனக்கோ அலுத்துவிட்டது. "சும்மா சுத்திறதுக்கு எஞ்சின் எதுக்கு? செக்கு மாடு போதும். இதுக்கு ஒரு வேலை குடுப்பம்" என்றாய்.

அந்த வேலைதான் ஷண்டிங். பெட்டிகளைப் பிரிப்பது, கோர்ப்பது, ஒழுங்குபடுத்துவது. மேல்மாடியில் மா மூட்டை வைக்கும் அறையைக் காலி செய்து, பலகை அடித்து, ஒரு யார்ட்டையே கட்டினோம். நடுவே நேர்பாதை. அதிலிருந்து பிரிந்து போய் மறுபடியும் அதிலேயே சேரும் பக்கப்பாதை. உப்புக் கிட்டங்கிக்கு ஒரு கிளை. நாலு உப்புப் பெட்டியையும் எடுத்துக் கோர்த்து, கடைசியில் கார்ட் பெட்டியைப் பூட்டி, முழு ரயிலையும் பக்கப்பாதைக்குள் ஒதுக்கிவிட வேண்டும். அப்போதுதான் சிலாபத்திலிருந்து வரும் பயணிகள் ரயில் நேர்பாதையால் போகலாம். அது எப்போது வரும்? கீழே போரணை மணி அடிக்கும்போது. மணி அடித்தால் நானும் பாண் எடுக்க ஓடவேண்டும், ஆட்டமும் முடிந்தது.

எல்லாம் அசலைப் போலவே இருக்க வேண்டும் என்பது உன் பிடிவாதம். உப்புப் பெட்டி என்றால் உப்பு. புத்தளத்தில் உப்புக்கு என்ன பஞ்சம் என்று அள்ளிக்கொண்டு வந்தாய். மழைக்குளிர் தொடங்கியதும் அது கரைந்து ஒழுகி, சில்லெல்லாம் துருப்பிடித்தது. உப்பு வேண்டாமென்று நான் சீனி போட்டேன், எங்கள் தில்லையடி ஊர் எறும்பு முழுவதும் ரயில் ஏறியது. கடைசியில் உன் மீன்பெட்டியின் வெள்ளைத் தக்கையை உரசித் தூளாக்கிப் போட்டோம். பார்க்க உப்பு, மணக்க மீன். பூனை ஒன்று கொஞ்ச நாள் ஜன்னலடியிலேயே படுத்துக் கிடந்தது.

அந்த நடக்கிற ஆளை மறப்பேனா! ஒரு பெட்டியைக் கழற்றியவுடனே நான் எஞ்சினை எடுக்கப் பார்ப்பேன். நீ கையை உயர்த்துவாய். "பொறு மச்சான். கழட்டினவன் அடுத்த பெட்டிக்கு நடந்து போக வேணாமா?" ஆளே இல்லாத ஓர் ஆள் நடந்து முடியும்வரை நாம் இருவரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். எனக்கு அவசரம், எரிச்சல் வரும். "ஓடிப் போகச் சொல்லுடா" என்பேன். "அவனுக்கு முழங்கால் வருத்தம்" என்பாய், உன் முழங்காலைத் தடவிக்கொண்டே. நோன்பு மாதத்தில் நோன்போடு நான் முன்னால் இருக்கிறேன் என்று நீ பிளேன்டீயைத் தொடமாட்டாய். கேட்டால், "அவனும் நோன்புதான்" என்பாய்.

இன்னொன்று, விரலால் பெட்டியைத் தூக்கி வைப்பது, தள்ளுவது எல்லாம் உன் சட்டத்தில் லஞ்சம். "கை போட்டா லஞ்சம். இந்த யார்ட்டில லஞ்சம் இல்லை." ஈர்க்கு மட்டும் ஆகும், அது ஷண்டிங்காரனின் கோல். பெட்டிகளுக்கு நடுவே விட்டு நெம்பினால் கொக்கி கழரும். என் மாடித் தளம் கொஞ்சம் சரிவு. தனியாக விட்ட பெட்டி தானாக உருண்டு போகும், அதன் சில்லுக்கு முன்னால் ஈர்க்கை ஊன்றினால் அது பிரேக்.

முதல்நாள் கொக்கி இறுகிக் கழராமல் நின்றதே, நினைவிருக்கிறதா? காற்றோடு உப்பும் மணலும் வருமென்று ஜன்னலைச் சாத்தியிருந்தோம், பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. நீ உப்புக் கிட்டங்கிக் கோடியில் குனிந்து நின்று கத்தினாய், "இளக்கு! இளக்கு!" என் காதில் விழுந்தது 'விளக்கு.' எஞ்சினை ஓட்டும் திருகுக்குப் பக்கத்திலேயே விளக்குச் சுவிட்ச். பட்டென்று அணைத்துவிட்டேன். இருட்டுக்குள்ளிருந்து உன் குரல் வந்தது: "இளக்கெண்டா விளக்கையாடா நூக்கிறது!"

சிரித்து முடித்த பிறகு சொல்லித் தந்தாய். கரையில் வள்ளம் இழுக்கும்போது கயிற்றை இளக்கச் சொல்கிற அதே இளக்கு. இழுபட்டு நிற்கும் கொக்கி கழராது, எஞ்சினைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்து பெட்டியோடு முட்டவைத்தால்தான் விடும். "கழட்டுறதெண்டா முதல்ல கிட்டப் போகோணும் மச்சான்." எனக்கு அது நன்றாகவே விளங்கியது. கைக்குத்தான் விளங்கவில்லை. அதன் பிறகும் நீ இளக்கென்றால் என் கை சுவிட்சுக்குப் போகும், பாதி வழியில் பிடித்து நிறுத்துவேன். நீ அதற்காகவே வேண்டுமென்று கத்துவாய், பொல்லாதவனே.

இவ்வளவு செய்தும் உப்பு ரயிலை நாம் ஒருநாளாவது முடித்தோமா? பக்கப்பாதை கட்டை, அறைச்சுவர் அவ்வளவுதான் விட்டது. கார்ட் பெட்டி உள்ளே வந்தால் எஞ்சினின் மூக்கு ஒரு விரலளவு வெளியே நேர்பாதைப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். மூக்கை உள்ளே எடுத்தால் வால் வெளியே போகும். ஒரு பெட்டியைக் குறைப்போமென்று நான் எத்தனை தரம் கெஞ்சினேன்! "உப்புக்காரன் நாலு பெட்டி ஏத்தியிருக்கான். மூண்டைக் கொண்டு போனா அவனுக்கு என்ன பதில் சொல்லுறது?" என்றாய், அந்த இல்லாத உப்புக்காரனுக்காக.

கடைசிப் போயாவிலும் அதேதான். எல்லாம் சரி, மூக்கு மட்டும் வெளியே. நான் பொறுமை கெட்டு விரலை நீட்டினேன். என் கையில் ஒரு அடி போட்டாய். "லஞ்சம் வேணாம். அடுத்த போயாக்குப் பாப்பம்." மணி அடித்தது. ஈர்க்கைச் செருகிவிட்டு, சூட்டோடு இரண்டு றாத்தல் பாணையும் வாங்கிக்கொண்டு போனாய். அடுத்த போயாவுக்கு முன்னால் உன் நெஞ்சு நின்றுவிட்டது. மூக்கை வெளியே நீட்டியபடி அந்த ரயில் அப்படியே நின்றது. அதைக் கையால் தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை, கழற்றி வைக்கவும் மனம் வரவில்லை. முடிக்காமல் விட்டது என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது மச்சான். மூடி வைத்தேன்.

இன்று உன் மனிசி வந்தாள். கையில் இறால் பொரியல், முகத்தில் அதே முறைப்பு. பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கா வீட்டுக் கூரையை ஒழுக விட்டவர்?" என்றாள். நான் மூக்கையும் வாலையும் காட்டி நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப இது அவர் விட்ட இடமா?"

"ஓம் தங்கச்சி. அவன் விட்ட இடத்திலயேதான் நிக்குது."

"அப்ப முடிப்பம்" என்றாள்.

கீழே சுனிலிடம் பாண் தட்டுகளைப் போரணையில் ஏற்றி மணியை வைக்கச் சொன்னேன். வழக்கம்போல் ஜன்னலைச் சாத்தி, விளக்கைப் போட்டேன். தண்டவாளத்தைத் துடைத்தேன், சில்லுகளைத் துடைத்தேன். எஞ்சினுக்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். திருகைத் தொட்டதும் அது உறுமியது பார், எத்தனை மாதம் கழித்து! நான் எஞ்சின் பக்கம். நீ நிற்கும் இடத்தில் மா மூட்டை இருந்ததால் அவள் வால் பக்கம் போய், கார்ட் பெட்டிக்குப் பின்னால் நின்றாள். அந்தப் பக்கம் நம் இருவரில் ஒருவராவது ஒருநாளாவது நின்றதில்லை, யோசித்துப் பார். இரண்டு பேருமே எப்போதும் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் வழக்கம்போல் பின்னால் எடுத்தேன், வால் வெளியே போனது. முன்னால் எடுத்தேன், மூக்கு வெளியே வந்தது. மறுபடியும் பின்னால், மறுபடியும் முன்னால். அவள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈர்க்கை எடுத்து, கார்ட் பெட்டியின் சில்லுக்குப் பின்னால் ஊன்றி, வள்ளக்கயிறு பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டாள்.

"நான் வாலைப் பிடிச்சிருக்கன். நீங்க இளக்குங்கோ நானா! இளக்கு!"

பட்டென்று விளக்கு நூர்ந்தது.

வேறு யார் நூர்த்தது, என் கைதான். இருட்டில் அவள் சிரிக்கத் தொடங்கினாள். "கடவுளே, அவர் சொன்ன இந்த விளக்குக் கதை உண்மையா! நான் இவ்வளவு நாளும் பொய்யெண்டெல்லோ நினைச்சன்!" சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான், மறைக்க என்ன இருக்கிறது. அந்த இருட்டுக்குள்தான் எனக்கு உறைத்தது. கொக்கிக்குக் கொக்கி இருக்கும் இடைவெளி! பெட்டிகள் இழுபட்டு நிற்பதால்தான் ரயில் நீளம். வாலைப் பிடித்துக்கொண்டு இளக்கினால் ஒவ்வொரு கொக்கியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுமே!

விளக்கைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகை மயிரிழை திருப்பினேன். எஞ்சின் பின்னால் வந்து முதல் பெட்டியை முட்டியது, அது அடுத்ததை முட்டியது, டிக், டிக், டிக் என்று வால்வரை போனது. கார்ட் பெட்டி அசையவில்லை. மூக்கு உள்ளே வந்துவிட்டது மச்சான்! வாலும் உள்ளே, மூக்கும் உள்ளே, நாலு பெட்டியும் உள்ளே, லஞ்சம் இல்லாமல்! நான் போட்ட கூச்சலில் சுனில் பாதிப்படி ஏறி வந்துவிட்டான்.

மணி அடித்தது. பயணிகள் ரயிலை விட்டேன். உப்பு ரயிலின் மூக்கை உரசாமல் நேர்பாதையால் ஜம்மென்று போனது. "முதலாளி, பாண்!" என்று சுனில் கத்தினான். "நீயே எடு!" என்றேன், வாழ்க்கையில் முதல்தரமாக.

"இனி உப்பு ரயிலைக் கொண்டு போங்கோவன்" என்றாள் உன் மனிசி.

நான் திருகில் கை வைத்தபடி நின்றேன்.

"ஏன் நிக்கிறீங்க நானா?"

"பிரேக்கை எடுத்துப்போட்டு ஆள் வாலிலருந்து எஞ்சின் மட்டும் நடந்து வரோணும் தங்கச்சி. அதுக்குப் பிறகுதான் எடுக்கலாம். அவன் போட்ட சட்டம்."

அவள் ஈர்க்கை மெல்ல எடுத்தாள். இளகி நின்ற ரயில் அசையவில்லை. வாலிலிருந்து எஞ்சின்வரை, பெட்டி பெட்டியாக அவள் கண் நடந்தது.

"அவருக்கு முழங்கால் வருத்தம்" என்றாள். "அவசரமில்லை, ஆறுதலா வரட்டும்."

பின்னேர பஸ்ஸுக்கு அவள் போய்விட்டாள். இத்தாலிக்குக் கொண்டுபோக ஈர்க்கைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். விரலில் அது குத்திய இடம் இன்னும் வலிக்கிறது, அது எனக்கு இருக்கட்டும். உப்பு ரயிலை நான் எடுக்கவில்லை மச்சான். திருகுக்குப் பக்கத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன். விளக்கை நூர்க்கவில்லை. நீ ஆறுதலா வா.