த்வெய்ராவில் இல்லாத வளைவு

அன்பு மகள் மார்தீஸுக்கு அப்பா எழுதுவது. தா பீனு கோயில் மாதாவின் தயவில் இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, மெல்போர்ன் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்றுதான் நினைப்பு. கம்பளிச் சட்டையை அலமாரியில் அழகுக்கு வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள். ஸ்டெல்லா அத்தைக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, பேச்சு கூடியிருக்கிறது. திருவிழா வெடியில் நம் மாடித் தளம் விரிசல் விட்டது, நானே பூசிவிட்டேன். டாக்சி நன்றாக ஓடுகிறது, நான்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன்.

போன வாரம் ஒரு டென்மார்க் தம்பதி சவாரிக்கு வந்தார்கள். தோர்பன், இங்கெர் என்று பெயர், இரண்டு பேருக்கும் எழுபதுக்கு மேல். மால்டாவில் வாலெட்டா, இம்தினா எல்லாம் பார்த்துவிட்டு நம் கோசோ தீவுக்குப் படகேறி வந்தவர்கள். கணவர் தோர்பனுக்கு இரண்டு கண்ணும் போய் வெகுகாலம் ஆகிவிட்டதாம். பார்வை இல்லாதவரோடு ஊர் சுற்றிப் பார்க்க வருவானேன் என்று முதலில் நினைத்தேன். அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டை, கற்கோயில், உப்புப் பாத்தி என்று ஒன்று விடாமல், எனக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் “இவ சொல்றதுல பாதி கல்லு, பாதி மசாலா” என்று என்னிடம் கேலி செய்வார். அவள் “சும்மா வா, இல்லன்னா கோட்டைச் சுவர்லயே விட்டுட்டுப் போயிடுவேன்” என்பாள். கல்யாணமான புதிதில் இங்கே வந்து த்வெய்ராவின் அந்தப் பெரிய பாறை வளைவுக்குக் கீழே படகில் போயிருக்கிறார்கள். அதை மறுபடி பார்க்கத்தான் இந்தப் பயணமே என்று வண்டியில் அவள் சொன்னாள். அது புயலில் விழுந்து கடலுக்குள் போனது நீ அறிந்ததுதானே. அவளுக்குத் தெரியவில்லை. அவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் த்வெய்ரா வந்துவிட்டது.

இறங்கியவள் வெறும் கடலைப் பார்த்து அப்படியே நின்றாள். என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். அவர் “என்ன, நிக்குதா?” என்று கேட்டார். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, “நிக்குது தோர்பன், அப்படியே நிக்குது, வெயில் பட்டு மஞ்சளா இருக்கு” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “இல்லையா நெனு?” என்றாள். அவள் கண்ணைப் பார்த்த பிறகு நான் வேறென்ன சொல்வேன், “ஆமாம்மா” என்றேன். அவர் விடவில்லை, “மேல பறவை ஏதாவது உக்காந்திருக்கா?” என்றார். நான் “ரெண்டு உக்காந்திருக்குங்க” என்றேன். அவள் வெகுநேரம் அந்த இல்லாத கல்லை அங்குலம் அங்குலமாகச் சொன்னாள், அவர் முகத்தைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார்.

திரும்பும் வழியில் இம்ஜார் படகுத் துறையில் அவள் டிக்கெட் வாங்கப் போனபோது அவர் என் தோளைத் தடவிப் பிடித்து, “அது விழுந்த செய்திய அன்னைக்கே ரேடியோவுல கேட்டுட்டேன்பா” என்றார். “சொல்லியிருந்தா இவ கிளம்பியிருக்க மாட்டா. எங்கயும் போகாம என்னைப் பாத்துக்கிட்டே வீட்டுக்குள்ள கிடக்கிறா. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத” என்றார். என் தோளை விட்டுவிட்டு, “ஆனா அந்தப் பறவை, அது ஜாஸ்தி” என்று சிரித்தார். அவள் வந்து கையை நீட்டினாள், இருவரும் படகேறினார்கள்.

படகு மறைந்த பிறகும் வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. துறையில் மற்ற டிரைவர்கள் இருந்தார்கள், சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். உன் அம்மா கொன்சிலியா இருந்திருந்தால், என்ன பறவை என்று சொன்னீர்கள் என்று முதலில் அதைத்தான் கேட்டிருப்பாள். வீட்டுக்கு வந்து வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மகளே, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ போனில் பேசும்போதெல்லாம் மாப்பிள்ளை ரோடெரிக் ரொட்டி வாங்கப் போயிருக்கிறார் என்கிறாய். முன்பெல்லாம் பின்னால் அவர் இருமலும் பந்தாட்டச் சத்தமும் கேட்கும். இப்போது உன் குளிர்சாதனப் பெட்டி ஓடுவது மட்டும் கேட்கிறது. நானும் சரி சரி என்று வைத்துவிடுகிறேன். பொய்யைச் சொன்ன இங்கெரின் கை தோர்பன் கையைப் பிடித்திருந்தது, அவர்களுக்கு அது போதும். நமக்கு நடுவில் பாதி உலகம் கிடக்கிறது, இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய? அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். குறையில்லை என்று மேலே எழுதியது சும்மா. இரவில் சமைப்பதில்லை, பாலாடைக்கட்டியும் ரொட்டியும் நின்றபடியே தின்றுவிட்டுப் படுக்கிறேன். நீயும் உள்ளதைச் சொல். மாப்பிள்ளை உன்னை விட்டுப் போய்விட்டாரா, இல்லை ஏதாவது சண்டையா, எதுவானாலும் நான் குற்றம் பேசமாட்டேன், ஸ்டெல்லா அத்தையிடமும் மூச்சு விடமாட்டேன்.

மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். என் ஆசீர்வாதம் எந்நேரமும் உனக்கு உண்டு. வா என்று நான் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, எந்தப் படகில் வந்து இறங்கினாலும் துறைமுகத்தில் வேறு டாக்சி பிடிக்காதே.

உன் அப்பா,
நெனு