நாலு ஹாட் பிளக்

27.1.2003, திங்கள்

காசிமேட்டில் மோட்டார் வைத்த படகுகள் எல்லாம் என்னை டாக்டராக மதிக்கின்றன. மனிதர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுத மாட்டேன். வரலட்சுமி இந்த நோட்டைத் திருட்டுத்தனமாகப் படிக்கிற பெண்டாட்டி.

அவள் தம்பி வெற்றி இன்று தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை என் ஷெட்டில் விட்டான். இரண்டே சீட். என் தொப்பைக்கே ஒன்றரை வேண்டும். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பந்தயம். கோயம்புத்தூர் டீம்காரர் ஒருவர் பார்க்க வருகிறார், ஓட்டுவது பிடித்தால் இவனைத் தன் டீமில் டிரைவராக எடுத்துக்கொள்வார். வெற்றிக்கு முப்பத்தாறு வயது, துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான்.

“இதான் கடைசி சான்ஸ் மாமு. இத்த வுட்டா லாரிதான்.”

30.1.2003

பெட்ரோலைப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக் வேட்டை. கடைக்காரர் ராமசுப்பு இரண்டு டப்பாவை நீட்டினார். கோல்டு பிளக் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும். ஹாட் பிளக் சூட்டைப் பிடித்துவைத்துத் தன் மேல் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும்.

“ரேசுக்கு கோல்டுதான் அண்ணாத்தே. ஹாட்டு போட்டு வெரட்னா பிஸ்டன் உருகிடும்.”

எனக்கே பாடமா? இரண்டையும் வாங்கினேன்.

6.2.2003

கோல்டு பிளக் போட்டு எண்ணூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம். மீன்கூடையோடு நடந்து வந்த கெங்கம்மா என்னை முந்தினாள்.

“இன்னா மேஸ்திரி, காரா சாமி ஊர்வலமா?”

திருவொற்றியூரில் இன்ஜின் இருமி நின்றது. கழற்றிப் பார்த்தால் பிளக் கரிச்சட்டி.

மண்ணெண்ணெயில் ஓடும் படகு மோட்டாரில் பிளக் கறுத்தால் ஹாட் பிளக் போடுவோம். இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

8.2.2003

ஹாட் பிளக் போட்டாச்சு. ராயபுரம் பாலத்தில் பூனை மாதிரி ஏறுகிறது.

“இன்னா பிளக் மாமு?”

“டாக்டரான்ட மருந்து பேரு கேக்காத நைனா.”

9.2.2003, ஞாயிறு

ஆறாவது சுற்று. இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். டம். புகை. அவ்வளவுதான்.

10.2.2003

இன்ஜினைப் பிரித்தேன். மூன்றாவது பிஸ்டனில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. பிளக் மூக்கெல்லாம் சூட்டில் வெந்து சுண்ணாம்பு வெள்ளை.

அன்றைக்கு கோல்டு பிளக்கில் பார்த்தது, ரோட்டில் ஊர்ந்ததால் வந்த கரி. டிராக்கில் அவன் எங்கே ஊரப் போகிறான்? எவனாவது காரைப் படகுன்னு நெனச்சு வைத்தியம் பாப்பானா? இன்னாடா பண்ணி வெச்சே!

பிளக் நாலையும் சட்டைப் பையில் ஒளித்தேன். வெற்றி வந்தான். ஓட்டையைப் பார்த்தான். “பூட்ச்சு மாமு” என்றான். பிஸ்டனைக் கந்தல் துணியால் மூடினேன்.

16.2.2003

உண்மையைச் சொல்லத்தான் அவன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கொழம்பு சூப்பரா கீதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

23.2.2003

இன்று வரலட்சுமி சொன்னாள். அன்றைக்கு டிராக்கிலேயே வெற்றி ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டானாம். கோயம்புத்தூர்காரர் வந்து, மெக்கானிக் யார் என்று கேட்டிருக்கிறார். “மெக்கானிக் மேல ஒண்ணுமில்ல சார். நான்தான் ஓவரா வெரட்டிட்டேன்” என்று இவன் சொல்லியிருக்கிறான். இன்ஜினைக் கொல்கிற டிரைவர் வேண்டாம் என்று அவர் போய்விட்டார்.

“யோவ், ஒம் பேரு கெட்டா காசிமேட்ல எவன் ஒன்னான்ட மோட்டார் குடுப்பான்னு கேக்குறான்யா அவன்.”

நோட்டைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறாள். படிக்கட்டும்.

3.3.2003

காலையில் டோல்கேட் பக்கம் லாரி வரிசையில் வெற்றி நின்றிருந்தான். என்னைப் பார்த்துக் கையாட்டினான். “டீ சாப்டியா மாமு?”

லாரி டீசல் வண்டி. அதில் பிளக்கே கிடையாது. இனி நான் கெடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை.